பூவில் முதலிட்ட வணிகர்: திருக்கச்சிநம்பிகள் வைபவம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும், திருமலையில் அனந்தாழ்வானும் திருநந்தவனம் சமைத்து எம்பெருமானுக்கு மலர்க் கைங்கர்யம் செய்தருளினார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் வாழும் நமக்கோ, இக்கைங்கர்யத்தின் ஏற்றத்தை அறிய அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பூந்தமல்லி என்று இன்று வழங்கும் பூவிருந்தவல்லியே திருக்கச்சிநம்பிகளின் அவதார ஸ்தலம்.

ஸம்ப்ரதாயக் கணக்கின்படி 1009ஆம் ஆண்டு, மாசி மாதம், மிருகசீர்ஷ நக்ஷத்திரத்தில், வணிகத்தைக் குலத்தொழிலாகக் கொண்ட வைசிய குலத்தில் நம்பிகள் திருவவதரித்தார். இளமையில் அவருக்குக் கஜேந்திரதாஸர் என்று திருநாமம். தந்தையார் கொடுத்த முதலை வாணிகத்தில் இடாமல் பெருமாள் கைங்கர்யத்தில் செலவிட்டார் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பூவிருந்தவல்லியில் திருநந்தவனம் அமைத்து, அங்கே பூத்த மலர்களை மாலையாகத் தொடுத்து, காஞ்சிப் பேரருளாளனுக்குச் சாற்றக் கால்நடையாகவே கொண்டு செல்வார். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர் தூரம். வழியில் உள்ள ஸ்ரீபெரும்பூதூரில்தான் பாலகராயிருந்த இளையாழ்வார், அதாவது பின்னாளில் எம்பெருமானார் என்று உலகம் கொண்டாடிய இராமாநுசர், நம்பிகளை முதலில் கண்டு ஈடுபட்டார் என்பர்.

மல்லிகைக் கொடி வைத்து வளர்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கார்த்திகையில் கவாத்து செய்து எருவிட்டால்தான் பங்குனி முதல் பூ மிகும். பொழுது புலரும் முன்னரே மொட்டாகப் பறிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வாடும். ஒரு நாள் சோம்பினாலும் அன்றைய பூ அன்றே போயிற்று. அப்படிப்பட்ட கைங்கர்யத்தை நெடுங்காலம் இடைவிடாமல் செய்தவர் நம்பிகள்.

பின்பு காஞ்சியில் பேரருளாளன் ஸந்நிதியில் திருவாலவட்டம் வீசும் கைங்கர்யமும் அவருக்கு வாய்த்தது. அவ்வமயங்களில் அர்ச்சா திருமேனியிலேயே எம்பெருமான் அவரோடு வார்த்தையாடியருளினான். ஆளவந்தாரின் திருவடிகளை ஆச்ரயித்த நம்பிகள், தேவராஜாஷ்டகமும் அருளிச்செய்தார். யாதவப்ரகாசரை விட்டு நீங்கிய இளையாழ்வாருக்குச் சாலைக்கிணற்றிலிருந்து திருவாராதனத்திற்குத் தீர்த்தம் கொணரும் கைங்கர்யத்தைக் காட்டியருளியவரும் இவரே. இளையாழ்வாரின் ஐயங்களைப் பெருமாளிடம் விண்ணப்பித்து, அவற்றுக்கு விடையாக ஆறு வார்த்தைகளைப் பெற்றுத் தந்தவரும் இவரே. பெரியநம்பிகளை ஆச்ரயிக்கும்படி இளையாழ்வாருக்கு நியமனமானது அந்த ஆறனுள் ஒன்று.

இவருடைய வைபவத்தில் அடியோம் அடிக்கடி நினைக்கும் இடம் ஒன்று உண்டு. தமக்கு மோக்ஷம் உண்டோ என்று நம்பிகள் ஒருநாள் பெருமாளைக் கேட்டாராம். அவர் வீசியதற்குத் தான் பேசியது சரியாய்ப் போயிற்று என்று பெருமாள் கணக்கை முடித்துவிட்டானாம். பாகவதர்களின் அபிமானம் வேண்டும் என்றும் உணர்த்தினானாம். உடனே நம்பிகள் தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல் திருக்கோஷ்டியூர் சென்று, திருக்கோஷ்டியூர் நம்பியின் திருமாளிகையில் எளிய பணியாளராக ஊழியம் செய்தார் என்று பெரியோர் அருளிச்செய்வர்.

அடியோம் வணிகவியல் பயின்றவர்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பகுதியில் வங்கிப் பணியில் இருந்த காலத்தில் முதல், வட்டி, இலாபம் என்பனவே எங்களுக்கு மூச்சாயிருந்தன. ஓய்வு பெற்றபின் வீட்டுக் கொல்லையில் துளசி, நந்தியாவட்டை, மல்லிகை, அவரை, வெண்டை, வாழை என்று வைத்தோம். பழக்கம் விடவில்லை. விதைக்கும் எருவுக்கும் ஆன செலவை ஒரு பக்கமும், காய்க்கும் பூவுக்கும் உள்ள சந்தை விலையை மறுபக்கமும் ஒரு நோட்டில் எழுதி வந்தோம். ஆண்டு முடிவில் நட்டமே. கோடையில் பூச்சி விழுந்து அவரை முழுதும் போனபோது, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத் தரையைச் சிமெண்டால் மூடிவிடலாமா என்றுகூட எண்ணினோம்.

அப்போது நம்பிகளின் இந்தக் கணக்கு நினைவுக்கு வந்தது. வீசியது மோக்ஷத்துக்குக் கொடுத்த விலையாகாது என்று பெருமாளே காட்டிவிட்டான். அப்படியிருக்க, அவர் பூக்கூடையோடு நடந்த நடையெல்லாம் எதற்காக? கைங்கர்யம் உபாயமன்று, அதுவே புருஷார்த்தம். பூச்சாற்றும் பேறே பூ வளர்த்ததன் பயன். அதற்குமேல் வரவு வைக்க ஒன்றுமில்லை. அன்றோடு அந்த நோட்டை மூடிவிட்டோம். இப்போது கொல்லையில் பறிக்கும் பூ அகத்துப் பெருமாளுக்கு. காய் அவனுக்குத் தளிகையாகி, ப்ரஸாதமாக எங்களுக்கு.

நம்பிகள் முதுமையால் காஞ்சிக்கு நடக்க இயலாமல் தளர்ந்தபோது, பேரருளாளன் தானே பூவிருந்தவல்லிக்கு எழுந்தருளினான் என்பது அவ்வூர் ஸ்தல வரலாறு. இன்றும் அங்கே வரதராஜப் பெருமாளும் புஷ்பவல்லித் தாயாரும் ஸேவை ஸாதிக்கிறார்கள். அரங்கனும் திருவேங்கடமுடையானும் உடன் எழுந்தருளியிருக்கிறார்கள். நம்பிகளுக்கும் தனி ஸந்நிதி உண்டு. அங்கே ஸேவிக்கச் செல்பவர்கள், தம் வீட்டுக் கொல்லையிலோ மாடித் தொட்டியிலோ பூத்தது ஒரு பிடி துளசியேயானாலும், அதைக் கொண்டு செல்வார்களாக.

திருக்கச்சிநம்பிகள் திருவடிகளே சரணம்.