இராபர்ட் கோக்

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. பளிங்குபோல் தோன்றும் நீரிலும் கொடுநோய்க் கிருமிகள் மறைந்திருத்தல் கூடும். இவ்வுண்மையை எண்ணிக்கையால் நிறுவிய பெரியார் இராபர்ட் கோக் ஆவர்.

இவர் 1843-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஜெர்மனியின் கிளௌஸ்தால் என்னும் சுரங்க நகரிற் பிறந்தார். கெட்டிங்கன் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று 1866-இல் பட்டம் பெற்றார். சிற்றூர் வைத்தியராயிருந்தபோதே ஓய்வு நேரங்களில் உழைத்து, கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்கிருமியின் வாழ்க்கையை ஆராய்ந்து 1876-இல் வெளியிட்டார். 1881-இல், இறுகிய பாகின்மீது கிருமிகளை வளர்க்கும் முறையை வகுத்துக் காட்டினார். சிறிது நீரை அப்பாகிற் கலந்து கண்ணாடித் தட்டிற் பரப்பின், வளரவல்ல கிருமி ஒவ்வொன்றும் பெருகி வெறுங்கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகும். அப்புள்ளிகளை எண்ணி நீரின் நிலையை அறியலாயிற்று.

1883-இல் வாந்திபேதியின் காரணம் தேடி எகிப்துக்கும், பின் நம் நாட்டுக் கல்கத்தாவுக்கும் வந்தார். ஆங்கே குடிசைகள் சூழ்ந்த குளமொன்றில் மக்கள் குளித்தும், துணி துவைத்தும், அந்நீரையே பருகியும் வந்தனர். அக்குளத்தில் அந்நோய்க் கிருமியை 1884-இல் கண்டார்.

1892-இல் ஹாம்பர்க் நகரில் வாந்திபேதியால் 8,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்திருந்த ஆல்டோனா நகரமோ பெரும்பாலும் தப்பியது. இரண்டும் எல்ப் ஆற்று நீரையே பருகின. ஹாம்பர்க்கின் கழிவு கலந்த நீரே கீழ்ப்புறத்து ஆல்டோனாவுக்கு வாய்த்தது. ஆயினும் ஆல்டோனா அதனை மணலில் வடித்தது, ஹாம்பர்க் வடிக்கவில்லை. வடித்த நீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 கிருமிகளுக்கு மேல் இருத்தலாகாது என்று கோக் வரையறுத்தார்.

கிருமிகள் எங்கிருந்து வந்தன என்பதை அவ்வெண் கூறாது. அக்குறையைத் தீர்த்தது, எஷரிக் என்பார் 1885-இல் குழந்தைகளின் குடற்கிருமிகளுள் கண்டறிந்த கோற்கிருமியாம். அது நீரிற் காணப்படின் மலங்கலந்தமைக்கு அடையாளம். குடிநீர் 100 மில்லிலிட்டரில் அஃது ஒன்றேனும் இருத்தலாகாது என்பதே இந்தியத் தரவிதி.

கோக் பிழையே செய்யாதவர் அல்லர். 1890-இல் க்ஷயத்துக்கு மருந்தென இவர் அறிவித்தது பயன்படவில்லை. எனினும் அந்நோயின் கிருமியை 1882-இல் கண்டவர் இவரே. அதன்பொருட்டு 1905-இல் நோபல் பரிசும் பெற்றார். 1910 மே 27-இல் காலஞ்சென்றார்.

ஏலமலை அடிவாரத்துத் தேவாரத்தில் வாழும் நமக்கு ஆல்டோனாவின் கதை அயலதன்று. மேலிருப்போர் விட்டதே கீழிருப்போர் பருகுவது. ஓடும் நீர் தூயதென்றெண்ணி நாம் வாளா இருத்தல் தகாது. மலைத்தோட்டங்களில் உழைப்போர்க்கு நற்கழிப்பிடமும், அடிவாரத்தார்க்குச் சோதித்த நீரும் ஒருங்கே வேண்டும். ஒன்றை விடுத்து மற்றொன்று நிலையாது.