ஓதும் உரிமைக்காக நின்ற ஆபிரகாம் சேலம்

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையை அடுத்து 1568ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி யூத ஆலயம் உள்ளது. அங்கு ஓதப்படும் மறை தோரா. தோலில் கையால் எழுதப்பெற்ற அச்சுருளில் உயிர்க்குறிகள் இல்லை. நிறுத்தக் குறிகள் இல்லை. எச்சொல்லை எவ்வாறு ஏற்றியும் இறக்கியும் இசைப்பது என்ற குறிப்பும் இல்லை. அவையெல்லாம் அச்சுநூலில் மட்டுமே உண்டு. ஆதலால் ஓதுபவர் அந்த வாரத்துப் பகுதியின் இசையை முன்னரே மனனம் செய்துகொண்டே சபைக்கு வரவேண்டும். ஒரு சொல் பிசகினாலும் கேட்போர் அங்கேயே திருத்துவர். இவ்விதம் 54 பகுதிகளும் ஓராண்டில் ஓதி நிறைவு செய்யப்படும். வேதபாடசாலையில் ஸ்வரம் வழுவாது அத்தியயனம் செய்யும் சிறுவரைக் கண்டவர்களுக்கு இவ்வுழைப்பின் அருமை விளங்கும். நம் வேதியர் முன் ஏடே இராது. இங்கோ ஏடு உண்டு, இசை மட்டும் நெஞ்சில்.

ஆனால் அந்த இசையைக் காதால் கேட்கலாம், வாயால் ஓதலாகாது என்று ஒரு பிரிவினர் அவ்வாலயத்தில் விலக்கப்பட்டிருந்தனர். முன்னாளில் அடிமைப்பட்டு விடுதலை பெற்றோரின் வழிவந்தவர்கள் அவர்கள். தோரா ஓத அவர்களை அழைப்பதில்லை. ஆலயத்தில் சமமான இருக்கையும் இல்லை. பிற பரதேசி யூதர்கள் அவர்களுடன் மண உறவும் கொள்வதில்லை. வாரந்தோறும் கேட்டுக் கேட்டு ஒருவர் நெஞ்சில் ஓர் இசை முழுதும் பதிந்திருக்க, அதை வெளியிட வழியில்லாமற் போவது எத்தகைய வேதனை!

அப்பிரிவில் 1882ஆம் ஆண்டு தோன்றியவர் ஆபிரகாம் பாரக் சேலம். (நம் சேலம் மாநகருக்கும் அவர் பெயருக்கும் தொடர்பில்லை.) எர்ணாகுளத்தில் வழக்கறிஞராக விளங்கினார், கொச்சி சட்டமன்றத்தில் அங்கம் வகித்தார், முழு விடுதலை கோரிய 1929ஆம் ஆண்டு லாகூர் காங்கிரஸ் மாநாட்டில் பங்குகொண்டார். காந்தியடிகளின் வழியைத் தம் ஆலயத்தின் வாசலுக்கே கொண்டுவந்தது அவரது தனிச்சிறப்பு. சில காலம் ஆலயத்தைப் புறக்கணித்தார், சத்தியாக்கிரகமும் மேற்கொண்டார். யூத காந்தி என்றே மக்கள் அவரை அழைத்தனர். அயலாரை எதிர்த்து நிற்பதினும் தம் உற்றாரிடம் உரிமை கேட்டு நிற்பது கடினம் என்றே தோன்றுகிறது; நாளும் அதே தெருவில் அவர்கள் முகத்தில் விழிக்கவேண்டுமல்லவா?

1930களின் நடுப்பகுதிக்குள் பழைய தடைகள் பல தளர்ந்தன. மண உறவுத் தடை மட்டும் நீடித்தது. 1950ஆம் ஆண்டு அவருடைய மகன் ஒருவரின் திருமணத்தால் அதுவும் உடைந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்று குடியேறினர். அதற்காக உழைத்த சேலம் அவர்களோ கொச்சியிலேயே வாழ்ந்து 1967ஆம் ஆண்டு மறைந்தார். பத்து ஆண்கள் கூடினாலன்றித் தோராவைச் சபையில் ஓதலாகாது என்பது யூத மரபு. இன்று மட்டாஞ்சேரியில் அப்பதின்மர் இல்லை. வெளியூர் யூதர்கள் வந்து சேரும் நாளில்தான் அங்கே ஓதல் நடைபெறுகிறது.