எந்தச் செட்டியார்?

சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி ஒரு தமிழர், கோயமுத்தூர்க்காரர். பெயர் ஆர். கே. சண்முகம் செட்டியார்.

இதைச் சொன்னதும், சிதம்பரத்தில் பல்கலைக் கழகம் கண்ட செட்டியாரா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். காரைக்குடியில் கல்லூரிகள் கட்டியவரா என்றால், அவர் அழகப்பச் செட்டியார். சினிமா உலகில் ஏவி.எம். ஸ்டூடியோவை நிறுவியவர் மெய்யப்பச் செட்டியார். சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஆங்கிலம்–தமிழ் அகராதிக்கு ஆசிரியராக இருந்து பாடுபட்டவர் சிதம்பரநாதன் செட்டியார். நம் சண்முகம் செட்டியார் வேறு.

செட்டியார் என்பது ஒரு குடும்பத்தின் பெயர் அல்ல. வாணிபம் செய்தவர்களுக்கு வழங்கி வந்த பட்டம். செட்டி நாட்டில் கொடுக்கல் வாங்கல் செய்தவரும் செட்டியார். செக்கு வைத்து எண்ணெய் ஆட்டியவரும் செட்டியார். கோயமுத்தூர்ப் பக்கத்தில் தறி நெய்து, வீட்டுக்குள் கன்னடம் பேசும் தேவாங்கரும் செட்டியார். இவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. பட்டம் ஒன்றுதான், மனிதர்கள் வேறு வேறு.

இந்தப் பட்டம் சண்முகம் செட்டியாரின் வாழ்க்கையில் ஒரு முறை வேடிக்கையாக விளையாடியது. அந்த வேடிக்கை அவருக்குக் கசப்பாக முடிந்தது.

பிறப்பும் படிப்பும்

1892-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி கோயமுத்தூரில் அவர் பிறந்தார். தந்தை பெயர் கந்தசாமி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பிறகு சட்டமும் படித்தார். ஊருக்குத் திரும்பி நகரசபையில் அங்கத்தினராகிப் பொது வாழ்வில் இறங்கினார்.

1920-ல் சென்னைச் சட்டசபைக்குப் போனார். ஜஸ்டிஸ் கட்சியில் இருந்தவர், சில ஆண்டுகளில் சுயராஜ்யக் கட்சிக்கு வந்தார். 1924-ல் டில்லியில் இருந்த மத்திய சட்டசபைக்கு அங்கத்தினரானார். அப்போது அவருக்கு வயது 32 கூட நிறையவில்லை.

பெரியாருக்கும் அவருக்கும் நல்ல நட்பு. 1929-ம் ஆண்டு செங்கற்பட்டில் சுயமரியாதை மகாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் செய்தார்கள். பலர் விட்டார்கள். சண்முகம் அந்த இயக்கத்துக்கு வேண்டியவர்தான். ஆனாலும் பட்டம் அவரை விடவில்லை. தமிழ்நாட்டில் செட்டியார் என்றார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் செட்டி என்று எழுதின.

ஒட்டாவா ஒப்பந்தம்

1932-ல் கனடா நாட்டின் தலைநகரான ஒட்டாவாவில் ஒரு பெரிய மகாநாடு நடந்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து நாடுகள் தங்களுக்குள் வியாபாரத்தைப் பெருக்கிக் கொள்வது எப்படி என்று அங்கே பேசினார்கள். இந்தியாவின் சார்பில் போனவர்களில் சண்முகம் செட்டியாரும் ஒருவர்.

அங்கே ஏற்பட்ட ஒப்பந்தம் இதுதான்: இங்கிலாந்துச் சரக்குகள் பலவற்றுக்கு இந்தியாவில் குறைந்த சுங்கவரி. பதிலுக்கு இந்தியச் சரக்குகளுக்கு இங்கிலாந்தில் சலுகை. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் லாபம் வெள்ளைக்காரனுக்கே என்று தேசியவாதிகள் கொதித்தார்கள். இந்திய வியாபாரிகள் பலரும் அப்படியே நினைத்தார்கள். சண்முகம் செட்டியார் ஒப்பந்தத்தை ஆதரித்து நின்றார்.

1933-ல் அவர் மத்திய சட்டசபையின் தலைவரானார். இன்று லோக்சபையில் சபாநாயகர் வகிக்கும் இடம் அது. அதே ஆண்டு சர் பட்டமும் வந்தது.

மறு ஆண்டு, 1934-ல், தேர்தல். சண்முகம் செட்டியார் நின்றது வியாபாரிகள் ஓட்டுப் போடும் தொகுதியில். அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியவரும் ஒரு செட்டியார்! சென்னை வர்த்தகர் சாமி வெங்கடாசலம் செட்டியார்.

செட்டியாருக்கும் செட்டியாருக்கும் போட்டி. பட்டத்தைப் பார்த்து ஓட்டுப் போட வழியில்லை. ஒட்டாவாவைப் பார்த்துத்தான் போட வேண்டும். அப்படியே போட்டார்கள். வெங்கடாசலம் செட்டியார் ஜெயித்தார். சபையின் தலைவராக இருந்தவர் சபைக்குள் நுழையவே முடியாமல் தோற்றுப் போனார். நாடெங்கும் இது பரபரப்பாகப் பேசப்பட்டது.

கொச்சியில் திவான்

தோற்றவர் சோர்ந்து வீட்டில் உட்காரவில்லை. 1935-ல் கொச்சி சமஸ்தானம் அவரைத் திவானாக அழைத்துக் கொண்டது. ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தார். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மறுபக்கம் கொச்சி. கோயமுத்தூர்க்காரருக்கு அது அசலூர் அல்ல.

கொச்சித் துறைமுகம் வளர்ந்த காலம் அது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற என்ஜினீயர் கடல் முகத்தில் மணலை வாரி ஆழப்படுத்தி, பெரிய கப்பல்கள் உள்ளே வர வழி செய்திருந்தார். 1936-ல் அது பெருந் துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1938-ல் சமஸ்தானத்தின் சில இலாகாக்கள் மக்கள் பிரதிநிதியான மந்திரியிடம் ஒப்படைக்கப்பட்டன. மன்னர்கள் ஆண்ட சமஸ்தானங்களில் இப்படிச் செய்வதில் கொச்சிதான் முந்திக் கொண்டது.

எர்ணாகுளத்தில் காயல் ஓரமாகப் போகும் பெரிய வீதிக்குச் சண்முகம் ரோடு என்று அவர் பெயர் வைத்தார்கள். அதில் செட்டியும் இல்லை, செட்டியாரும் இல்லை.

காங்கிரஸ்காரர் அல்லாத மந்திரி

யுத்த காலத்தில் இந்திய சர்க்காருக்குச் சாமான் வாங்கும் தூதுக் குழுவின் தலைவராக அமெரிக்காவில் இருந்தார். 1944-ல் அமெரிக்காவில் பிரெட்டன் வுட்ஸ் என்ற இடத்தில் 44 நாடுகள் கூடின. உலக பாங்கியும் சர்வதேச நிதியமும் அங்கேதான் உருவாயின. இந்தியப் பிரதிநிதிகளில் சண்முகம் செட்டியாரும் இருந்தார்.

1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்தது. நேரு தம் மந்திரி சபையில் காங்கிரசைச் சேராத சிலரையும் அமர்த்தினார். டாக்டர் அம்பேத்கர் ஒருவர். சியாம பிரசாத் முகர்ஜி ஒருவர். சண்முகம் செட்டியார் ஒருவர். காங்கிரஸ் நிறுத்திய ஆளிடம் 13 ஆண்டுகளுக்கு முன் தோற்றவர், காங்கிரஸ் சர்க்காரின் கஜானாச் சாவியை வாங்கிக் கொண்டார். பழைய கணக்கைப் பாராமல் திறமையைப் பார்த்தது நேருவின் பெருந்தன்மை என்றே சொல்ல வேண்டும்.

1947 நவம்பர் 26-ந் தேதி முதல் பட்ஜெட்டை அவர் படித்தார். ஆகஸ்டு 15 முதல் அடுத்த மார்ச்சு முடிய, ஏழரை மாதத்துக்கு மட்டும் கணக்கு. வரவு சுமார் 171 கோடி ரூபாய். செலவு சுமார் 197 கோடி. பற்றாக்குறை 26 கோடி. செலவில் ஏறக்குறைய பாதி ராணுவத்துக்கு. பஞ்சாபிலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்து கொண்டிருந்தார்கள். அரிசி, கோதுமைக்குத் தட்டுப்பாடு. அந்த நிலையில் புதிதாக அவர் கை வைத்தது வெளிநாட்டுக்குப் போகும் பருத்தித் துணி, நூல் மீதான வரியில். மில் முதலாளிகளின் ஊரிலிருந்து வந்தவர் இதைச் செய்தார் என்பது கவனிக்கத் தக்கது.

யுத்தத்தின்போது பிரிட்டன் நம்மிடம் வாங்கிய சரக்குக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஏராளம். அதைப் பற்றிப் பேச 1948-ல் லண்டன் போய், ஜூலையில் ஒப்பந்தம் முடித்து வந்தார்.

ஆகஸ்டில் பதவி போயிற்று.

வருமான வரி ஏய்த்தவர்களை விசாரிக்க ஒரு கமிஷன் இருந்தது. அதன் பட்டியலிலிருந்து சிலருடைய பெயர்கள் எடுக்கப்பட்டன. சட்டசபையில் இது பெரும் தகராறாகியது. இலாகாவில் நடந்ததற்கு மந்திரிதான் பொறுப்பு. சண்முகம் செட்டியார் ராஜினாமாச் செய்தார். அவர் இடத்துக்கு ஜான் மத்தாய் வந்தார். முதல் நிதி மந்திரி ஒரு வருஷமே அந்த நாற்காலியில் இருந்தார். அந்த ஒரு வருஷத்தின் கணக்கை வைத்து அவருடைய முப்பது வருஷ வேலையை எடை போட்டவர்கள் உண்டு. அது சரியல்ல.

தமிழ்ச் செல்வம்

அரசியல்வாதியாக அவரை அறிந்தவர்கள் அவருடைய தமிழை அறிவதில்லை. தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கே இடம் இல்லையே என்று 1940-களில் தமிழ் இசை இயக்கம் எழுந்தது. அண்ணாமலைச் செட்டியார் அதற்குப் பொருள் தந்து முன்னின்றார். சண்முகம் செட்டியாரும் அதில் ஊக்கமாக ஈடுபட்டார். மேடையில் இரண்டு செட்டியார்கள் என்பதால் வந்த குழப்பம்தான் இன்றும் தொடர்கிறது.

சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு அவர் உரை எழுதினார். கண்ணகியும் கோவலனும் வணிகர் வீட்டுப் பிள்ளைகள். கடலும் கப்பலும் சுங்கமும் உள்ள பட்டினம் அந்தக் காண்டத்தின் களம். துறைமுகத்தையும் சுங்கவரியையும் நேரில் ஆண்டு பார்த்தவர் அதற்கு உரை சொல்ல வந்தது நல்ல பொருத்தம்.

1953-ம் ஆண்டு மே 5-ந் தேதி அவர் காலமானார். வயது 60. அதே ஆண்டு அக்டோபரில், திருவாசகத்துக்கு உரை எழுதிய பண்டிதமணி கதிரேசன் செட்டியாரும் காலமானார். அவர் மகிபாலன்பட்டிக்காரர்.