இந்திர லால் ராய்

மகாயுத்தம் மூண்ட 1914-ம் வருஷத்தில், வைத்திய இலாகா நீங்கலாக, பிரிட்டிஷ் மன்னரின் அதிகாரப் பத்திரம் பெற்று ராணுவ உத்தியோகஸ்தனாக இந்தியனுக்கு அநேகமாக வழியே இல்லை. சிப்பாயாக நின்று பிராணனைக் கொடுக்கலாம், படையை நடத்தலாகாது. அந்த வேலியைத் தாண்டிச் சென்ற வெகு சிலரில் ஒருவர் இந்திர லால் ராய்.

கல்கத்தாவில் 1898 டிசம்பர் 2-ம் தேதி பிறந்தவர். தந்தை பாரிஸ்டர், தாயார் லலிதா ராய் லண்டனில் ஸ்திரீகளின் வாக்குரிமைக்காக உழைத்தவர். பிள்ளை லண்டன் செயின்ட் பால் பள்ளியில் வாசித்து, ஆக்ஸ்போர்டில் படிக்க உபகாரச் சம்பளமும் பெற்றார். அவ்வழியே போயிருந்தால் ஸிவில் ஸர்வீஸ் பதவியொன்று அவருக்குக் கிட்டியிருக்கக்கூடும். அவருடைய மனமோ ஆகாயத்தில் இருந்தது.

கண்பார்வை குறைவென்று படை வைத்தியர்கள் அவரைத் தள்ளிவிட்டார்கள். வாலிபர் சளைக்கவில்லை. தம் மோட்டார் சைக்கிளை விற்று, அப்பணத்தைக் கட்டணமாகக் கொடுத்து, பெயர் பெற்ற கண் வைத்தியர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டார். முதல் தீர்ப்பு ரத்தாயிற்று! அப்பீலின் பயனை அறிந்த நமக்கு இது விசேஷ திருப்தி தருகிறது.

1917 ஜூலை 5-ம் தேதி அதிகாரப் பத்திரம் கிடைத்தது. அக்டோபர் இறுதியில் 56-வது ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். படையில் சேர்ந்தது முதல் போர்முனை வரை ஏழு மாதப் பயிற்சிதான். இன்று நமது விமானப் படையில் விமானியாக விரும்புகிறவன் பள்ளியிலேயே கணிதமும் பௌதிகமும் கற்றிருக்க வேண்டும். பட்டத்துக்குப் பின் குறுகிய கால உத்தியோகமாகச் சேர்ந்தாலும் 14 வருஷம் பணிபுரிய வேண்டும். அன்று கேட்கப்பட்ட ஒப்பந்தம் யுத்தம் முடியும்வரை என்பதே. பலருக்கு அதற்கு முன்பே ஆயுள் முடிந்தது.

டிசம்பரில் அவருடைய எஸ்.இ.5 விமானம் நொறுங்கி விழுந்தது. இறந்தாரென்று பிணவறையில் கிடத்தப்பட்டவர், விழித்துக் கதவைத் தட்டினார் என்று சொல்வர். பறக்கத் தகுதியற்றவரென்று மீண்டும் ஒரு தீர்ப்பு. மீண்டும் அவர் வாதாடி வென்றார். படுக்கையில் இருந்த நாட்களில் விமானப் படங்கள் வரைந்துகொண்டிருந்தார்.

1918 ஜூனில் 40-வது ஸ்குவாட்ரனுக்கு வந்தார். ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டே வாரத்தில், தோழர்களுடன் கூடிப் பெற்றவற்றையும் சேர்த்துப் பத்து வெற்றிகள். 22-ம் தேதி கார்வின் அருகே ஜெர்மன் விமானங்களுடன் நிகழ்ந்த சண்டையில் மாண்டார். வயது பத்தொன்பது. செப்டம்பரில் டி.எப்.சி. பதக்கம் அறிவிக்கப்பட்டது, அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

யாருடைய சாம்ராஜ்யத்துக்காக அவர் மடிந்தார் என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் இந்தியனுக்கு யந்திரத்தை ஆளும் திறமை உண்டா என்று பின்னர் விவாதித்தவர்களுக்கு அவருடைய கணக்குப் புத்தகம் பதிலாக இருந்தது. இந்திய விமானப் படை 1932-ல்தான் அமைந்தது. அதன் முதல் விமானிகளுள் ஒருவரும் 1954-ல் அதன் தலைவரானவருமான சுப்ரதோ முகர்ஜி அவருடைய உறவினர்.

பிரான்ஸில் எஸ்டவெல் கிராமத்து இடுகாட்டில் ராய் உறங்குகிறார். கல்லறையில் வங்க எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கிறது.