மார்கரீத் டியூவில்: ஒரு பார்வையற்ற மூதாட்டியோடு தொடங்கிய கணக்கு

மொன்றியல் பழைய துறைமுகத்துக்குக் குளிர் குறைந்த நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாத தமிழ்க் குடும்பம் இந்த நகரில் இருக்காது. படகுகளைப் பார்த்து, ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, மக்கில் வீதிக்குக் கிழக்கே பிளாஸ் டியூவில் என்ற சதுக்கத்தைக் கடப்போம். அதை அறுத்துச் செல்லும் சென்-பியேர் வீதியில் ஒரு பழைய தேவாலயத்தின் கற்சுவர் பாதியில் முறிந்து நிற்கிறது. சதுக்கத்துக்குப் பெயர் கொடுத்தவரும் அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த பொது வைத்தியசாலையை நடத்தியவரும் ஒருவரே. 1990இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அவர், கனடாவில் பிறந்து அந்த நிலையை அடைந்த முதல் ஆள். நாம் இங்கே அவருடைய பக்தியை எழுத வரவில்லை, அதை எழுத ஆட்கள் உண்டு. நடக்க முடியாதவர்களையும் கண் தெரியாதவர்களையும் வயது போனவர்களையும் யார் பார்ப்பது, அதற்குக் காசு எங்கிருந்து வருவது என்ற கேள்வியோடு அவர் எப்படி வாழ்ந்தார் என்பதே எமது அக்கறை.

மார்கரீத் 1701 ஒக்டோபர் 15ஆம் திகதி, ஆற்றின் தென்கரையில் உள்ள வரென் என்ற ஊரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். படையில் அதிகாரியாக இருந்த தகப்பன் 1708இல் இறந்தபோது அவருக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை. உறவினர் தயவில் கியூபெக் நகரக் கன்னியர் மடத்தில் இரண்டு வருடம் படித்தார். திரும்பி வந்து, தாய்க்குத் துணையாகத் தம்பி தங்கையரை வளர்த்தார். மூத்த பெண்பிள்ளை என்றால் என்ன என்பது எம்மவருக்குச் சொல்லி விளங்கவேண்டியதில்லை.

1722இல் பிரான்சுவா டியூவிலைத் திருமணம் செய்தார். அந்த மனிதரின் தொழில் தோல் வியாபாரம். பூர்வகுடி மக்களுக்குச் சட்டத்துக்கு மாறாகச் சாராயம் விற்றதில் அவருக்கு ஊரெல்லாம் கெட்ட பெயர். 1730இல் அவர் இறந்தபோது மனைவிக்கு விட்டுப்போனது கடன்கள். ஆறு பிள்ளைகளில் நால்வர் குழந்தையிலேயே இறந்தனர், மிஞ்சிய இரு மகன்களும் பின்னாளில் குருமார் ஆனார்கள். இருபத்தெட்டு வயது விதவை வீட்டிலேயே ஒரு சிறு கடை போட்டு, புருஷன் பட்ட கடனை அடைத்தார். எங்களைப் போலக் கணக்குத் தொழில் செய்கிறவர்களுக்கு அவர் மீது முதலில் மரியாதை பிறப்பது இந்த இடத்தில்தான். பின்னர் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அந்தக் கடைக் கணக்கே பயிற்சியாக இருந்தது என்பது எமது எண்ணம்.

1737 நவம்பரில் அவர் தன் வீட்டுக்கு ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். பெயர் பிரான்சுவாஸ் ஓசோன். வயது அறுபதைக் கடந்திருந்தது, பார்வை இல்லை. அங்கே விடுதியோ வாட்டோ கிடையாது. ஒரு வீடு, அதில் ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்தோடு ஒரு மூதாட்டி. அவருக்கு என்ன வேண்டும், எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார் என்று அறிந்து பார்க்கும் பராமரிப்பு அது. இன்று அரச ஆவணங்களில் தனிநபருக்கேற்ற பராமரிப்பு என்று நீட்டி எழுதுவதை அந்த வீடு ஒரே ஆளோடு செய்தது. அவ்வருடம் டிசம்பர் 31ஆம் திகதி வேறு மூன்று பெண்கள் அவரோடு சேர்ந்து, ஏழைகளுக்கு உழைப்பதென்று தமக்குள் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஒரு வீட்டை எடுத்து, இன்னும் சில வறியவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. சாராயம் விற்றவனின் பெண்சாதி ஏழைகளுக்கு உதவுகிறேன் என்று என்ன செய்கிறாள் என்று கதை கட்டியது. பிரெஞ்சில் 'கிறி' என்ற சொல்லுக்குச் சாம்பல் நிறம் என்றும் வெறி ஏறியது என்றும் இரண்டு பொருள். அதை வைத்து அந்தப் பெண்களுக்குப் பட்டம் சூட்டினார்கள். வீதியில் கல்லெறியும் நடந்தது. 1755இல் தங்களுக்கு உடை தெரிவு செய்ய வேண்டி வந்தபோது அவர்கள் எடுத்த நிறம் சாம்பல். பட்டப்பெயரே சபையின் பெயராயிற்று.

இந்தக் காலத்தில் மார்கரீத்துக்கு முழங்காலில் தீராத புண். ஆறேழு ஆண்டுகள் நாற்காலியை விட்டு அதிகம் அசைய முடியாமல் இருந்தார். வாழ்க்கை வரலாறுகள் இதைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றன. நாம் கொஞ்சம் நிற்கலாம். மற்றவர்களைப் பராமரிக்கும் வீட்டை நடத்தியவர், தண்ணீர்க் குவளைக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்கிறவராக இருந்தார். உதவி பெறுகிறவர், உதவி செய்கிறவர் என்று ஆட்களை இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் அந்த வீட்டில் நிலைத்திருக்க வழியில்லை.

1745 ஜனவரியில் வீடு எரிந்தது. 1747இல் துறைமுகக் கரையிலிருந்த பொது வைத்தியசாலையை அவரிடம் ஒப்படைத்தார்கள். அதை நடத்தி வந்த சகோதரர் சபை நலிந்துபோய், கட்டடம் இடிந்து, ஏறத்தாழ 49,000 லிவ்ர் கடன் ஏறியிருந்தது. உள்ளே சில ஆண் முதியோர் மட்டும். மார்கரீத் அப்போதும் நோயாளி. வண்டிலில் மெத்தை போட்டுக் கிடத்தித்தான் அவரை அங்கே கொண்டு போனார்கள். போனதும் யன்னல்களைத் திருத்தி, பெண்களுக்கும் இடம் திறந்தார்.

வருமானம் எப்படி வந்தது என்பதுதான் பலரும் எழுதாத பகுதி. அரசரின் பண்டகசாலைக்கும் மேற்குக்குப் போகும் தோல் வியாபாரிகளுக்கும் உடுப்பும் கூடாரமும் தைத்துக் கொடுத்தார்கள். மெழுகுதிரி வார்த்தார்கள், புகையிலை பதப்படுத்தினார்கள், சுண்ணாம்பு விற்றார்கள். வசதியுள்ள பெண்களைக் கட்டணம் வாங்கித் தங்கவைத்தார்கள். அந்தக் கட்டணத்தில் காசில்லாதவரின் சோறு வெந்தது. உள்ளே இருந்த முதியவர்களும் இயன்ற வேலையைச் செய்தார்கள். தானத்தை மட்டும் நம்பி ஓர் ஆண்டு வரவு செலவுத் திட்டம் போட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1750இல் பெரிய அடி விழுந்தது. காலனியின் நிதி நிர்வாகத் தலைவர் பிரான்சுவா பிகோ, மொன்றியல் வைத்தியசாலையை கியூபெக் நகரத்திலுள்ளதோடு இணைத்து, சொத்தையும் ஆட்களையும் அங்கே மாற்றும்படி கட்டளையிட்டார். இடைத்தூரம் சுமார் 250 கிலோமீற்றர். செலவு மிச்சம் என்பது வாதம். ஊன்றுகோல் பிடித்தவரும் படுக்கையில் கிடந்தவரும் பிறந்த ஊரையும் தெரிந்த முகங்களையும் விட்டு அங்கே போகவேண்டும் என்பது அந்த வாதத்தின் எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை. ஒரு காலம் கல்லெறிந்த ஊர் இப்போது மனுவில் கையெழுத்திட்டது. கடனைத் தானே தீர்ப்பதாக மார்கரீத் பொறுப்பேற்றார். கட்டளை திரும்பப் பெறப்பட்டு, 1753இல் பதினைந்தாம் லூயி மன்னரின் உரிமைப் பத்திரம் கிடைத்தது. பிகோ யார் என்பது பின்னர் வெளிவந்தது: 1763இல் பாரிஸ் நீதிமன்றம் ஊழலுக்காக அவரை நாடுகடத்தியது.

ஏழாண்டுப் போரில் காயப்பட்ட படையினரை, ஆங்கிலேயக் கைதிகள் உட்பட, அரசாங்கம் அந்த வைத்தியசாலைக்கு அனுப்பியது. செலவுக்குக் கடதாசி கொடுத்தது. 1760இல் மொன்றியல் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அந்தக் கடதாசியின் பெறுமதி உருகியது. பாக்கியைக் கேட்டு மார்கரீத் பிரான்சுக்கு ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதினார், கிடைத்தது கொஞ்சம். அரசு பொறுப்பைத் தனியார் தோளில் ஏற்றிவிட்டுப் பணத்தைத் தாமதிக்கும் பழக்கம் அன்றைக்கே முதிர்ந்திருந்தது. இதற்குள் கைவிடப்பட்ட குழந்தைகளையும் அவர் எடுக்கத் தொடங்கியிருந்தார். 1765 மே மாதம் மொன்றியலில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைத் தின்ற தீயில் வைத்தியசாலையும் போயிற்று. அவருக்கு அப்போது 63 வயது. லண்டனில் திரண்ட நிவாரண நிதியில் ஒரு பங்கு பெற்று, கடன் வாங்கி, மறுபடி கட்டினார். அதே ஆண்டில் சத்தோகே காணியை வாங்கி, தண்ணீரில் ஓடும் ஆலையும் போட்டார். கையில் எதுவுமில்லாதபோது காணி வாங்குவதை நாங்கள் எந்த வாடிக்கையாளருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். ஆனால் அந்தக் காணிதான் அவர் போன பிறகும் சோறு போட்டது.

குறையும் சொல்லவேண்டும். அவர் காலத்து மொன்றியலில் அடிமைகள் இருந்தார்கள், அவருடைய வீட்டிலும் வைத்தியசாலையிலும் இருந்தார்கள். ஏழைகளைக் கண்ட கண் அவர்களைச் சொத்துப் பட்டியலில் விட்டுவைத்தது. இன்னொன்று: அங்கிருந்த முதியவருக்குத் தன்னை யார் குளிப்பாட்டுவது என்று தெரிவு செய்யும் உரிமை இருந்ததில்லை. காசும் தீர்மானமும் நிர்வாகத்திடமே இருந்தன.

1771 டிசம்பர் 23ஆம் திகதி பக்கவாதத்தால் இறந்தார். அவருடைய பேழை 2010இல் பிறந்த ஊரான வரெனுக்குத் திரும்பியது. சபையின் பின்னைய தலைமை மடத்தைக் கொன்கோர்டியா பல்கலைக்கழகம் வாங்கிவிட்டது.

காசு ஆளின் கைக்கு வர நெடுங்காலம் எடுத்தது. கனடாவின் முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1927இல் வந்தது. எழுபது வயதைக் கடந்த வறியவருக்கு மாதம் உச்சமாக 20 டொலர். கியூபெக் அதில் சேர்ந்தது 1936இல்தான், அதுவரை மடங்களும் குடும்பங்களுமே சுமந்தன. இன்று இங்கே செக் ஆம்ப்லுவா-செர்விஸ் என்று ஒரு திட்டம் உண்டு. சமூக சேவை நிலையம் வீட்டு உதவிக்கான மணித்தியாலங்களைத் தீர்மானிக்கும், உதவியாளரை முதியவரே அல்லது மாற்றுத்திறனாளியே தெரிவு செய்வார், அவர் அறிவிக்கும் மணித்தியாலங்களுக்கு ஏற்பச் சம்பளம் உதவியாளருக்கு நேராகப் போகும். எழுபது கடந்தவர்கள் வீட்டு உதவிச் செலவுக்கு வரித் திணைக்களத்திடம் கோரக்கூடிய சலுகையும் உண்டு. வரி கட்டாதவருக்கும் அது கிடைக்கும், வாடகையில் ஒரு சிறு பகுதிக்கும் கோரலாம். வரிப் படிவம் நிரப்பும் காலத்தில் இதைக் கோராமல் விட்ட அம்மம்மாக்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். மருமகள் வேலையை விட்டு வீட்டில் நின்று பார்ப்பதால் எதுவும் கேட்கத் தேவையில்லை என்பது எம்மவரின் நினைப்பு. உங்கள் அஞ்சல் குறியீட்டுக்குரிய சமூக சேவை நிலையத்தை அழைத்து மதிப்பீடு கேளுங்கள், அல்லது 811ஐ அழைத்து சமூகப் பிரிவுக்கு 2ஐ அழுத்துங்கள். மதிப்பீட்டுக்கு வருபவரிடம், தமிழ் தெரிந்த உதவியாளரை நாங்களே தெரிவு செய்ய விரும்புகிறோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.