லூயி பாஸ்டர்: அவர் விட்டுச் சென்ற பணி

செப்டெம்பர் 28 ஆம் திகதி உலக விசர்நாய்க்கடித் தடுப்புத் தினமாக அனுட்டிக்கப்பட்டு வருகின்றது. 1895 ஆம் ஆண்டு இதே நாளிலேயே, அந்நோய்க்குத் தடுப்பு மருந்து கண்ட பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் காலமானார். வயலுக்கும் வளவுக்கும் நாயே காவலாக நிற்கும் வன்னி மண்ணில், அவரது வாழ்க்கை எங்கோ நிகழ்ந்த கதையன்று.

1822 டிசெம்பர் 27 இல் டோல் என்னும் ஊரில், தோல் பதனிடும் தொழிலாளியின் மகனாக பாஸ்டர் பிறந்தார். ஆர்புவா என்னும் சிற்றூரில் அவர் சிறுவனாக வளர்ந்த காலத்தில், 1831 இல், விசர் பிடித்த ஓநாயொன்று அப்பகுதியிற் புகுந்து பலரைக் கடித்தது. காயத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பினாற் சுடுவதே அன்றைய வைத்தியம்.

அவர் மருத்துவர் அல்லர், இரசாயனவியலாளர். பால் புளிப்பதற்கும் நொதித்தலுக்கும் நுண்ணுயிர்களே காரணம் என நிறுவினார். தமது ஐந்து பிள்ளைகளில் மூவரை இளவயதிலேயே பறிகொடுத்தார். 1868 இல் பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்தது. ஆயினும் ஆய்வைக் கைவிடவில்லை. 1881 இல் ஆடுமாடுகளை அந்திராக்ஸ் நோயிலிருந்து காக்கும் தடுப்பூசியைப் பலர் முன்னிலையில் மெய்ப்பித்துக் காட்டினார்.

அடுத்து விசர்நோயை எடுத்துக்கொண்டார். நோயுற்ற முயல்களின் முண்நாணை உலர்த்தி நோயின் வீரியத்தைக் குறைத்து, அதனைப் படிப்படியாக நாய்களுக்கு ஏற்றினார். அந்நாய்கள் நோயை எதிர்த்து நின்றன. ஆனால், பல நாட்கள் தொடர்ந்து ஏற்ற வேண்டிய அம்மருந்தை நாட்டிலுள்ள நாய்கள் அனைத்துக்கும் கொடுப்பது அன்று இயலாத காரியமாயிற்று. ஆகவே கடியுண்ட மனிதரைக் காக்கும் வழியை நாடினார். 1885 ஜூலை 6 இல், ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது. சிறுவன் உயிர் பிழைத்தான். அதற்கு முன்னர் செய்யப்பட்ட விலங்குச் சோதனைகள் போதியனவல்ல என்று, அவரது குறிப்பேடுகளை ஆராய்ந்தோர் பின்னாளிற் சுட்டிக்காட்டியதும் உண்டு.

இச்செய்தி உலகெங்கும் பரவியது. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் 1886 இல் மருத்துவக் குழுவொன்றையும் நன்கொடையையும் பாரிஸுக்கு அனுப்பினார். மறுவருடமே இஸ்தான்புல்லில் இதற்கென நிலையம் உருவாயிற்று. 1907 இல் நீலகிரியின் குன்னூரிலும் பாஸ்டர் பெயரால் ஒரு நிறுவனம் எழுந்தது.

பாஸ்டரால் அன்று இயலாதுபோன பணி இன்று எளிதாகிவிட்டது. ஒரே ஊசி ஒரு நாயைக் காக்கும். தாய்ப்பால் வழி கிடைத்த எதிர்ப்பாற்றல் இளங்குட்டியில் மருந்தின் பயனைக் குறைக்கக்கூடும். ஆதலால் மிக இளவயதில் ஊசி ஏற்றியிருப்பினும், மூன்று மாதமளவில் மீண்டும் ஏற்றுதல் வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் ஏற்றுவது நன்று. முதுமையடைந்த நாய்க்கும் விலக்கில்லை. பூனையும் இந்நோயைப் பரப்பும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நாய் வளர்க்காத, ஆனால் பூனையைப் பரிவுடன் பேணும் முஸ்லிம் இல்லங்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் நலம்.

வன்னியிற் காடும் குடியிருப்பும் அடுத்தடுத்து உள்ளன. நரியோ கீரியோ கடித்த நாய் வேலி தாண்டி வரும். அது தமிழ்க் கிராமம், முஸ்லிம் கிராமம் என்று பார்ப்பதில்லை. 2009 இற்குப் பின் மீளக்குடியேறிய ஊர்களில் வீட்டு நாயோடு கட்டாக்காலி நாயும் சேர்ந்தே திரிகின்றது. ஒரு வீட்டார் தவறவிடும் ஊசி அயலவர் குழந்தைக்கு ஆபத்தாகலாம். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் தப்புவது அரிதினும் அரிது. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

சுகாதாரப் பகுதியினர் ஊருக்கு வரும் நாளில் நாயையும் பூனையையும் பிடித்துக் கொடுப்பது சிறு வேலைதான். பாஸ்டர் முடிக்கவியலாது விட்டுச் சென்ற பணியை முடிப்பது அந்தச் சிறு வேலையே.