ஸ்டூடியோ மூலையில் இருந்த கருவி... ஜாஸ் இசையை மாற்றிய லயோனல் ஹாம்ப்டன் யார்?

1930-ம் ஆண்டு. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ. லூயி ஆம்ஸ்ட்ராங் பாடல் பதிவுக்கு டிரம்ஸ் வாசிக்க வந்திருந்தார் 22 வயது இளைஞர் ஒருவர். மூலையில் யாரும் கண்டுக்காத ஒரு கருவி. இதை வாசிப்பியா என்று ஆம்ஸ்ட்ராங் கேட்க, சைலஃபோன் பழகிய தைரியத்தில் குச்சியை எடுத்தார் அவர். அப்படிப் பதிவானதுதான் 'மெமரீஸ் ஆஃப் யூ'. அந்த இளைஞர்தான் லயோனல் ஹாம்ப்டன்.

வைப்ராஃபோன் என்றால் என்ன?

வரிசையாக உலோகப் பட்டைகள், கீழே குழாய்கள். குழாய்களுக்குள் மோட்டாரில் சின்னத் தகடுகள் சுழலும். அதனால்தான் தட்டிய ஓசை அலை அலையாக நடுங்கிக் கேட்கும்.

ஏன் இவர் முக்கியம்?

கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிப்பது அமெரிக்காவில் அப்போது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். 1936-ல் ஹாம்ப்டனின் வாசிப்பைக் கேட்ட வெள்ளையின இசைக்கலைஞர் பென்னி குட்மேன், அவரைத் தன் குழுவில் சேர்த்தார். பியானோவில் டெடி வில்சன், டிரம்ஸில் ஜீன் க்ரூப்பா. நால்வரில் இருவர் கறுப்பினத்தவர், இருவர் வெள்ளையர். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்ததே 1947-ல்தான். அதற்கு 11 வருஷம் முன்பே இது நடந்துவிட்டது. 1938-ல் நியூயார்க்கின் கார்னகி ஹால் மேடையிலும் ஏறியது இந்தக் குழு.

சொந்தக் குழு

1940-ல் தனிக் குழு தொடங்கினார். 1942-ல் வந்த 'ஃப்ளையிங் ஹோம்' செம ஹிட். அதில் சாக்ஸஃபோனில் கலக்கிய இல்லினாய் ஜாக்கெட்டுக்கு வயசு 19. குயின்சி ஜோன்ஸ், டைனா வாஷிங்டன் போன்றவர்கள் வளர்ந்ததும் இவர் குழுவில்தான். கணக்கு வழக்கு, நிர்வாகம் எல்லாம் மனைவி கிளாடிஸ் கையில். 1971-ல் அவர் இறந்தது ஹாம்ப்டனுக்குப் பெரிய இழப்பு.

தீயில் போனது எல்லாம்

1997 ஜனவரியில் நியூயார்க் வீட்டில் தீ விபத்து. 88 வயதில் உயிர் தப்பினார். ஆனால், சேர்த்து வைத்த இசைக்குறிப்புகள், நினைவுப் பொருட்கள் எல்லாம் போச்சு. அந்த வாரமே வெள்ளை மாளிகையில் தேசியக் கலைப் பதக்கம் வாங்க வேண்டும். போட்டுக்கொள்ள உடைகூட இல்லை. இரவல் உடையில் போய், அதிபர் கிளிண்டன் கையால் பதக்கம் வாங்கினார்.

2002 ஆகஸ்ட் 31-ல், 94 வயதில் ஹாம்ப்டன் மறைந்தார். அன்று மூலையில் இருந்த வைப்ராஃபோன், இன்று ஜாஸ் மேடையில் தனி இடம் பிடித்த கருவி.